ஓடைக் காட்சி

வெள்ளத்தாயின் முகம் அந்தப் படத்தில் எங்குமே வராது. முதுகு மட்டும்தான் வரும்.

‘பாறையில் ஒரு நாகம்’ என்று பெயர். எண்பத்தாறாம் வருடம் மாசி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் எடுத்தார்கள். பேச்சியம்மன் கோவிலில் பொங்கல் வைப்பதற்காக வெள்ளத்தாயும் அவள் அக்கா அழகுத்தாயும் அன்றைக்கு ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். ஓடைப் பக்கம் கூட்டமாக இருந்ததால், அடுப்பை அக்காவிடம் விட்டுவிட்டு வெள்ளத்தாய் வேடிக்கை பார்க்கப் போனாள்.

கதாநாயகி காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல். தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெயில் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக வெள்ளத்தாயிடம் வந்தார். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. நல்ல உயரம். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி.

“முகம் வராதும்மா. முதுகு மட்டும்தான். ஓடையில இறங்கி நடக்கணும். ஹீரோ பின்னால வந்து கழுத்தைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குவாரு. அவ்வளவுதான்.”

“எதுக்கு அமுக்குதாரு?”

“கதைம்மா. அவருக்கு அவ மேல பைத்தியம். அவ அடுத்தவன் பொண்டாட்டி. கிடைக்க மாட்டாள்னு தெரிஞ்சதும் கொன்னுடறாரு.”

வெள்ளத்தாய்க்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புருஷன் சமுத்திரம் லாரியில் பம்பாய்க்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அக்காவிடம் கேட்டால் விடமாட்டாள். சரி என்றாள்.

அரக்குச் சிவப்பில் மெல்லிய சேலை கொடுத்தார்கள். ரவிக்கை வேண்டாம் என்றார்கள். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு புதருக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. இடுப்பளவு ஆழம் வந்ததும் பின்னாலிருந்து இரண்டு கைகள் கழுத்தைப் பிடித்தன. தலை தண்ணீருக்குள் போனது. மேலே வந்து மூச்சு வாங்கியபோது அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஈரத்தலையோடு வந்தவளை அழகுத்தாய் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏட்டி, எங்க விழுந்த?”

“விழல. விழுகிற மாதிரி நடிச்சேன்.”

அழகுத்தாய் கரண்டிக் காம்பால் ஒன்று வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படம் அடுத்த வருடம் வந்தது. எங்கேயும் ஓடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தியேட்டரில் வெள்ளிக்கிழமை போட்டு, வேறு படம் கிடைக்காததால் புதன்கிழமை வரை இழுத்தார்கள். மதிய ஆட்டத்துக்குத் தரை டிக்கெட்டில் படுத்துத் தூங்க வந்தவர்கள்தான் அதிகம். அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்தவன் ஒருத்தன் உண்டென்றால் அது கேபினில் இருந்த ஆபரேட்டர் தனுஷ்கோடி.

தனுஷ்கோடிக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. எத்தனையோ படம் ஓட்டியவன், எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் ஓடைக் காட்சி வந்தபோது கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தவன் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் பார்த்தான். கதாநாயகியின் நடை அவனுக்குத் தெரியும்; ஓடையில் இறங்கியவள் அவள் இல்லை. படப்பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அந்தக் காட்சியிலிருந்து கொஞ்சம் ஃபிலிமை வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை ஒட்டிவிட்டான்.

விசாரித்துக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை. செண்பகத்தோப்பு டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த, பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டுகிற கம்பெனி வாசலில், வேலை விடுகிற நேரத்துக்கு வந்து நின்றான்.

“நீங்கதான ஓடையில இறங்குனது?”

வெள்ளத்தாய் கூட வந்தவளை முன்னால் போகச் சொன்னாள். “எந்த ஓடையில?”

“படத்துல. டீக்கடையில சொன்னாக. சொல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும். இப்ப நடந்து வாரீகளே, அதே நடை.”

“படம் எப்படி?”

“படம் குப்பை. நீங்க வார எடம் மட்டும்தான் படம்.”

அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அடுத்த வாரமும் வந்து நின்றான். அதற்கடுத்த வாரமும். வம்பாகப் பேச மாட்டான், பக்கத்தில் வர மாட்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாலடி பின்னால் வருவான். புருஷன் போன நாளிலிருந்து வெள்ளத்தாயைக் கண்ணால் உரசிப் போனவர்கள் நிறையப் பேர். ஒருத்தன் இப்படிக் காத்துக் கிடப்பது அவளுக்குப் புதிது. ஒரு வாரம் அவன் வராதபோது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே அவளுக்குத் தன் மனசு தெரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு வில்லிபுத்தூர் போக ஆரம்பித்தாள். பின்பக்கப் படி வழியாகக் கேபினுக்கு ஏறிவிடுவாள். உள்ளே அடுப்படிச் சூடு. புரொஜக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற வெளிச்சம் இடுக்கு வழியாக நீலமாக அடிக்கும். புரொஜக்டர் சத்தத்தில் பேச முடியாது, பேசவும் வேண்டியிருக்கவில்லை. அவன் பின்னால் வந்து நின்று அவள் கொண்டையை அவிழ்ப்பான். ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுப்பான். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை விரல் நுனியால் மெல்ல இறங்குவான். வேர்வை வழிந்த இடத்தில் உதட்டை வைப்பான். அவள் சுவரில் கையை ஊன்றிக்கொள்வாள். ரீல் முடியப்போகிற மணி அடித்தால் விலகிப் போய் அடுத்த ரீலைப் போட்டுவிட்டு வருவான். வருகிறவரைக்கும் அவள் அப்படியே நிற்பாள்.

வெட்டி வைத்த ஃபிலிமை ஒருநாள் விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். எறும்பளவுக்கு ஒரு பெண் தண்ணீரில் நின்றாள்.

“இதுல என்ன தெரியுது?” என்றாள் வெள்ளத்தாய்.

“எல்லாம் தெரியுது.”

ஐந்தாறு மாதம் போன பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவன் ஒருதடவைகூட முன்பக்கமாக வந்து அவளை அணைத்ததில்லை. அவள் திரும்பினால் தோளைப் பிடித்து மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவான். கோவில்பட்டிக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு மெல்லிய சேலை வாங்கி வந்தான். அதைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். நடக்கச் சொன்னான். ஒருநாள் பின்னாலிருந்து கழுத்தில் இரண்டு கையையும் வைத்து, வலிக்காமல், ஆனால் எடுக்காமல், ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

“எம் மூஞ்சியப் பாருங்க,” என்றாள்.

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

“என்னைக்குப் பாத்தீக? எம் புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க.”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு ரீலைப் பார்க்கப் போனான். அவளும் அன்றைக்கு அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

எண்பத்தெட்டில் அழகுத்தாய்க்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருந்தபோது, அக்கா எழுந்து நடந்தால் முடி இறக்குகிறேன் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளத்தாய் நேர்ந்துகொண்டாள். அழகுத்தாய் எழுந்து நடந்தாள். ஆடி வெள்ளியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டாள் வெள்ளத்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கேபினுக்குப் போனாள்.

துண்டை எடுத்ததும் தனுஷ்கோடி மொட்டைத் தலையைப் பார்த்தான்.

“யாரைக் கேட்டு எடுத்த?”

“ஆத்தாளைக் கேட்டு எடுத்தேன். எங்க அக்கா பிழைச்சிருக்கா.”

மணி அடித்தது. போய் ரீலை மாற்றினான். கார்பனைச் சரிபண்ணினான். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் பிடரியைப் பிடித்து முகத்தைப் புரொஜக்டரின் இரும்புக் காலில் மோதினான். முதல் மோதலில் முன்பல்லும் ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லும் உடைந்தன. அவள் கத்தினாள். திரையில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது, கீழே விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மோதினான். கீழே விழுந்தவளை இடுப்பில் மிதித்தான். வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தவள் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

“முடி வளரட்டும். வளந்த பொறவு வா.”

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அவன் வந்தான். கம்பெனிக்கு எதிர்த்தாற்போல் மரத்தடியில் உட்கார்ந்து, அவள் தலையில் முடி எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டு வாசல் வரைக்கும் வந்தான். அழகுத்தாய் உலக்கையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் உலக்கையைப் பிடுங்கி அவள் முன்கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்த வெள்ளத்தாய்க்குக் கேட்டது.

புகார் கொடுக்கப் போனார்கள். எழுதிக்கொள்ள வேண்டிய ஏட்டு பேனாவை மூடினார்.

“சேலைய நனைச்சுக்கிட்டுப் படத்துல நின்னா ஆளுக தேடி வரத்தான் செய்வானுக. நீயும் மாசக்கணக்கா அவங்கிட்டப் போயிட்டு வந்தவதான?”

அழகுத்தாய் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். “நான் எந்தப் படத்துல நின்னேன்?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் அவள் முடி தோளைத் தொட்டிருந்தது. தனுஷ்கோடி ஓர் ஆளை அனுப்பினான். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துவிட்டதாம், போகிறானாம். அந்த ஃபிலிமை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனால்தான் மனசு ஆறுமாம். செண்பகத்தோப்புக்கு வரச் சொன்னான். அழகுத்தாய் போகக் கூடாது என்றாள்.

“அது அவங்கிட்ட இருக்கிற வரைக்கும் அவன் போக மாட்டான்க்கா. வாங்கி அடுப்புல போட்டுட்டா முடிஞ்சுரும்,” என்றாள் வெள்ளத்தாய். “நீயும் வா. கோவில்ல இரு. பட்டப்பகல்ல என்ன செஞ்சிருவான்?”

மழை பெய்து ஓடையில் தண்ணீர் நிறைய ஓடியது. கோவிலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்காது. அவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் அரக்குச் சிவப்புச் சேலை.

“ஃபிலிமக் குடுங்க. நான் போறேன்.”

“தாரேன். ஒரு தடவை இதைக் கட்டிக்கிட்டு இறங்கு. பொறவு இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

“முடியாது.”

“ஒரே ஒரு தடவை.”

“முடியாதுன்னு சொன்னேன். உங்க ஃபிலிமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.”

அவள் திரும்பினாள். திரும்பியதுதான் தப்பாகப் போனது. முதுகைக் கண்டதும் பாறையிலிருந்து குதித்து வந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து ஓடைக்குள் தள்ளினான். இடுப்பளவுத் தண்ணீரில் அவள் தலையை அமுக்கினான். படப்பிடிப்பில் கதாநாயகன் கையை எடுத்துவிட்ட இடத்தில் இவன் எடுக்கவில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. அடித்த கைகள் தண்ணீரைத்தான் அடித்தன. ஒருதரம் தலையைத் தூக்கிவிட்டு, “அப்படித்தான், அப்படித்தான்” என்றான். மறுபடி அமுக்கினான். அவள் கை அடியில் கிடந்த கூழாங்கற்களைத் துழாவியது. ஒரு கல் உள்ளங்கைக்குள் வந்தது.

அதை விடாமல் பிடித்துப் பின்பக்கமாக ஓங்கி அடித்தாள். அவன் முழங்காலில் பட்டது. பிடி தளர்ந்தது. நிமிர்ந்து திரும்பி, அவன் நெற்றிப்பொட்டில் அடித்தாள். அவன் கரையோரம் மல்லாந்து விழுந்தான். அவள் அவன்மேல் ஏறி உட்கார்ந்து அடித்தாள். கல் வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடித்தாள். அழகுத்தாய் தேடிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தபோது தனுஷ்கோடி எப்போதோ அடங்கியிருந்தான். தண்ணீர் சிவந்து, கொஞ்ச தூரம் போய்க் கலைந்தது.

“வாட்டி,” என்றாள் அழகுத்தாய். “ஓடிருவோம்.”

“எங்க?”

வனத்துறைச் செக்போஸ்டுக்குத் தானே நடந்து போய் வெள்ளத்தாய் விஷயத்தைச் சொன்னாள். கல் அப்போதும் கையில் இருந்தது.

சில மாதம் மதுரைச் சிறையில் இருந்தாள். பிறகு ஜாமீன். வழக்கு தொண்ணூற்றொன்றில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அவளுக்காக வேல்சாமி என்கிற வக்கீல் வாதாடினார். தனுஷ்கோடி வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த ஃபிலிம் துண்டையும், ஓடையில் கிடந்த சேலையையும் காட்டி, படத்தில் உள்ளபடியே கொல்ல வந்தான் என்றார். அப்படியானால் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி.

மதுரையிலிருந்து பெட்டி வந்தது. திரையிட வேறு இடம் இல்லை. தனுஷ்கோடி வேலை பார்த்த அதே தியேட்டர்தான். காலை பத்து மணிக்கு நீதிபதியும், வக்கீல்களும், போலீஸ்காரர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளத்தாய் ஓரமாக உட்கார்ந்தாள். அவள் அந்தப் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

ஓடைக் காட்சி வந்தது. அவளைவிடப் பெரிதாக அவள் முதுகு திரை முழுக்க நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுக்கு அது தன்னுடையதாகவே தெரியவில்லை. வேறு எவளோ ஒருத்தி போகிறாள், போகாதே என்று சொல்லலாம் போலிருந்தது. இரண்டு கைகள் பின்னாலிருந்து வந்தபோது அவள் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். நீதிபதி திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அரசு வக்கீல் கேட்டார்.

“முதல் அடியிலேயே விழுந்துட்டான். விழுந்தவனை எதுக்கு அத்தனை தடவை அடிச்ச?”

வெள்ளத்தாய் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

“மல்லாந்து விழுந்தான்யா. அப்பத்தான் எம் மூஞ்சியப் பாத்தான். அம்புட்டு நாள்ல அதான் முதல் தடவை. இவ யாருன்னு கேக்கிற மாதிரிப் பாத்தான். எனக்குப் பயமாப் போச்சு.”

உயிரைக் காத்துக்கொள்ள அடித்தாள் என்று விடுதலை செய்தார்கள். அழகுத்தாய் வளைந்துபோன கையால் அவளைக் கட்டிக்கொண்டு கோர்ட் வாசலிலேயே அழுதாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வழக்குச் செய்தி பேப்பரில் வந்ததும், யாரும் பார்க்காத அந்தப் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. மதுரை விநியோகஸ்தர் புதுப் போஸ்டர் அடித்தார். ‘நீதிபதி பார்த்த படம்’ என்று மேலே பெரிய எழுத்து. கீழே கதாநாயகி, கதாநாயகன் எவரும் இல்லை, அந்த முதுகுதான். ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி போட்டார்கள். மில்லில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வரிசையில் நின்றார்கள். இரண்டாவது வாரமும் கூட்டம் குறையவில்லை. கம்பெனி வாசல் சுவரிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தது. அவள் அதைக் கடந்து உள்ளே போகும்போது பின்னாலிருந்து யாராவது நாக்கைச் சொடுக்குவார்கள்.

அவள் தியேட்டர் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள்.

“படத்த எடுத்துருங்கய்யா. நான் தெருவுல நடக்க முடியல.”

“உம் மூஞ்சிதான் படத்துலயே இல்லையேம்மா,” என்றார் அவர். “யாருக்குத் தெரியப்போகுது?”

மறுநாள் காலை பேண்டேஜ் சுருள் வெட்டுகிற கத்தியை முந்தியில் சுருட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கம் டிக்கெட் கேட்டபோது கொடுக்கிறவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் அவள் ஒருத்திதான். ஆண்கள் பக்கம் நிரம்பிக் கிடந்தது. ஓடைக் காட்சி வந்து விசில் கிளம்பியதும் எழுந்து, நடுப்பாதையில் நடந்து, திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினாள். படம் அவள்மேல் விழுந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. கையை உயர எட்டிக் கத்தியைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே இழுத்தாள். கெட்டித் துணி வறட்டுச் சத்தத்தோடு கிழிந்தது. பக்கத்தில் இன்னொரு கிழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. திரை தொங்கிப்போய், படம் பின்சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் கோணலாக ஓடியது.

நாலைந்து பேர் மேடையில் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் கத்தியோடு திரும்பினாள். அவன் புறங்கை கிழிந்தது. மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். விளக்கைப் போட்டார்கள். வெள்ளத்தாய் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். புருவத் தழும்பும், உடைந்த பல்லும், வேர்த்த முகமும் அத்தனை பேருக்கும் தெரிந்தன. விசிலடித்தவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள்.

ஆளைக் கொன்றதற்கு விட்டவர்கள், துணியைக் கிழித்ததற்கும் கையைக் கிழித்ததற்கும் சேர்த்து நாலு மாதம் போட்டார்கள். வெளியே வந்தபோது பழைய கம்பெனியில் அவளைச் சேர்க்கவில்லை. தேவதானத்தில் அழகுத்தாயின் இறந்துபோன புருஷன் வழியில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அங்கே போய் இருவரும் நாற்று நடவும் களையெடுக்கவும் ஆரம்பித்தார்கள். அங்கே இருப்பவர்களுக்கும் விஷயம் தெரியும். யாரும் கேட்கவில்லை. கூட நடுகிற பெண்கள் அவளுக்கு வரப்போரத்து வரிசையை விட்டுக்கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம், வரப்பில் உட்கார்ந்து சோற்றுப் போணியைத் திறந்தபோது அழகுத்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சேத்தூர்ல போஸ்டர் பாத்தேன். அந்தப் படம் தென்காசியில ஓடுதாம்.”

வெள்ளத்தாய் உருண்டையை வாயில் போட்டு மென்றாள். கடைவாய்ப்பல் உடைந்த பக்கம் அவளால் மெல்ல முடியாது. மறுபக்கம் தள்ளி மெதுவாகத்தான் மெல்லுவாள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“தென்காசிக்கு எத்தன மணிக்குப் பஸ்சு?” என்றாள்.

அழகுத்தாய் அவளைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு, போணியை மூடித் துணியில் முடிந்தாள்.

“செத்த நேரத்துல ஒண்ணு வரும்,” என்றாள். “எந்திரி, நானும் வாரேன்.”